செவ்வாய்க்கிழமை எடுத்த எக்ஸ்ரே

"திருட்டுப் போனது ஓவியம் இல்லை. போட்டோ," என்றார் ஓவியர். "உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஓவியம் அதோ இருக்கு பாருங்க."

அறையின் நடுவே ஆளுயரத் துணி ஒன்று சட்டத்தில் இழுத்துக் கட்டி நிறுத்தப்பட்டிருந்தது. அதில் ஓர் இளைஞன் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். கையில் சைக்கிள் பம்பு. பின்னால் ஒரு வாசல், கொஞ்சம் சுவர்.

கொழுந்தன் கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தான். "அதாவது சார், ஊரே பேசப்போற ஓவியத்தைத் திருடன் தொடவே இல்லை. மாம்பழத்தை மேஜையில வெச்சுட்டுக் கொட்டையை எடுத்துட்டுப் போயிருக்கான்."

"கொழுந்தனாரே, எழுதுங்க," என்றாள் அண்ணி. "பேசறதுக்கு உங்களுக்குச் சம்பளம் இல்லை."

"எழுதறதுக்கும் இல்லையே அண்ணி."

அண்ணி இருபது வருஷம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவள். கொழுந்தன் பதிவாளர் அலுவலக வாசலில் பதினான்கு வருஷம் ஜெராக்ஸ் கடை நடத்தியவன். சாலையை அகலப்படுத்தியபோது கடை போயிற்று. அதே வருஷம் அவனுடைய அண்ணனும் போனான். அண்ணியிடம் ஒரு ஸ்கூட்டர் மிஞ்சியது. ஓட்ட ஆள் வேண்டியிருந்தது. துப்பறியும் நிறுவனம் இப்படித்தான் உருவாயிற்று.

"முதலில் இருந்து சொல்லுங்க," என்றாள் அண்ணி. "எப்படி வரைவீங்க?"

ஓவியர் அதற்காகவே காத்திருந்தவர் போலக் கைகளைக் கந்தல் ஒன்றில் துடைத்துக்கொண்டார்.

"போட்டோவை ஒரு அட்டையில ஒட்டுவேன். மேல கட்டம் போட்ட கண்ணாடித்தாள். சுத்தி டேப். குறுக்கே எட்டு, நெடுக்கே பத்து, மொத்தம் எண்பது கட்டம். துணியிலயும் அதே எண்பது, பெரிசா. அப்புறம் ரெண்டையும் தலைகீழாத் திருப்பிடுவேன். இதைப் போட்டோ மேல வைப்பேன்." ஒரு கறுப்பு அட்டையை எடுத்துக் காட்டினார். நடுவில் சதுரமாக ஒரு ஓட்டை. "ஒரு நேரத்துல ஒரு கட்டம்தான் கண்ணுக்குத் தெரியும். எந்தக் கட்டம்னு நான் முடிவு பண்ண மாட்டேன். டப்பாவுல எண்பது சீட்டு இருக்கு. கையை விட்டு எடுக்கிறதுதான்."

"எதுக்கு சார் இந்தப் பாடு?"

"முகம்னு தெரிஞ்சா முகம் வரைய ஆரம்பிச்சிடுவோம். கட்டத்துல முகம் கிடையாது. கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் சாம்பல், அவ்வளவுதான். உள்ளதை உள்ளபடி வைப்பேன். கற்பனைக்கு இங்கே இடமே இல்லை."

"எண்பதும் முடிஞ்சதும்?"

"போட்டோவைக் கட்டம் கட்டமா வெட்டி, டர்பன்டைன் ஊத்தின ஜாடியில போட்டு முத்திரை வெச்சிடுவேன். ஓவியத்தோட ஜாடியும் போகும். அதுக்கப்புறம் அந்த உருவம் உலகத்துல ஒரே இடத்துலதான் இருக்கும். என் ஓவியத்துல."

பல பேட்டிகளில் புழங்கி வழவழப்பாகிவிட்ட வாக்கியம் அது. தடங்கல் இல்லாமல் வந்தது.

சுவர் ஓரமாகத் துணி போர்த்திய மேஜை. அதன்மேல் மூன்று ஜாடிகள். உள்ளே கலங்கிய திரவத்தில் சதுரத் துண்டுகள் அடியில் தங்கியிருந்தன. கொழுந்தன் போய் அந்த மேஜைமேல் முழங்கையை ஊன்றிச் சாய்ந்துகொண்டான். எழுதுவதற்கு வசதியாக இருந்தது. அந்த வீட்டில் அவனுக்கு முதல்முதலாகச் சொந்த இடம்போல் தோன்றியது அதுதான். ஏனென்று அவனுக்கே புரியவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் கண்காட்சி," என்றார் ஓவியர். "எல்லார் முன்னாடியும் வெட்டி ஜாடியில போடறதா அழைப்பிதழ் அடிச்சாச்சு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து பார்த்தா அட்டையோட போட்டோ இல்லை. எட்டு மாச வேலை, ஒரே ஒரு கட்டம் பாக்கி."

இளைஞனின் காலடிக்குப் பக்கத்தில், துணியின் வலது ஓரத்தில், ஒரு சதுரம் வெள்ளையாக இருந்தது.

"அதுல என்ன வரணும்?" என்றாள் அண்ணி.

"சுவர்."

"வெறும் சுவரா?"

"வெறும் சுவர்தான்."

"சுத்தி இருக்கிறதும் சுவர்தானே. அதே நிறத்தை இழுத்துவிட்டா..."

"அது கற்பனை," என்றார் ஓவியர், கெட்ட வார்த்தை காதில் விழுந்தவர்போல.

"படத்துல இருக்கிற இவர் யார்?" என்றாள் அண்ணி.

"என் மச்சினன். மனைவியோட தம்பி. பத்தொன்பது வயசுல போயிட்டான். பதினோரு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் பழைய பேப்பர் கடையில கிடைக்கிற போட்டோவைத்தான் வரைஞ்சேன். யார் வீட்டு ஆளோ, எந்த ஊரோ. இந்தத் தடவை சொந்தத்துல ஒருத்தர் வேணும்னு கேலரியில கேட்டாங்க. அவனுக்கு வேற போட்டோ கிடையாது. வீட்டுல தண்ணி புகுந்தப்போ மத்ததெல்லாம் போச்சு. ஒண்ணே ஒண்ணு. அதனாலதான் இதுக்கு மதிப்பு."

"உங்க மனைவி என்ன சொன்னாங்க?"

ஓவியர் ஏற்கெனவே சுத்தமாக இருந்த தூரிகையைத் துடைத்தார். "முதல்ல வேண்டாம்னா. அப்புறம் சொல்றதை நிறுத்திட்டா. நாளைக்கு முன் வரிசையில உட்காருவா. உடன்பிறந்தவள் முன்னிலையில்னு அழைப்பிதழ்லயே போட்டிருக்கு."

கொழுந்தன் ஓவியத்தின் வலப்பக்கம் குனிந்தான். தலைமுதல் கால்வரை மயிரிழை தடிமனில் ஒரு சாம்பல் கோடு ஓடியது. வாசல், சுவர் எல்லாவற்றையும் தாண்டி, வெள்ளைச் சதுரத்தில் வந்து அறுந்தது.

"இது என்ன சார், சுவர்ல விரிசலா?"

ஓவியரின் முகம் அன்றைக்கு முதல் தடவையாக மலர்ந்தது. தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினார். "எல்லா ஓவியத்திலயும் இருக்கும். இதைப் பத்தி மட்டும் ஒரு விமர்சகர் நாலு பக்கம் எழுதியிருக்கார். 'இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இடையே ஓவியர் இழுக்கும் எல்லை.'"

கொழுந்தன் புரட்டினான். ஒரு கல்யாண ஜோடி. ஒரு முடிதிருத்தும் கடை. முப்பது பிள்ளைகள் முறைக்கும் ஒரு வகுப்பு. படங்கள் நேராக அச்சாகியிருந்ததால் இடது ஓரம்; எல்லாவற்றிலும் அதே இடத்தில், அதே கோடு. தெரிந்த ஆளைக் கூட்டத்தில் பார்த்துப் பெயர் நினைவுக்கு வராதபோது ஏற்படும் அரிப்பு அவனுக்குள் ஏற்பட்டது.

"போட்டோவில அந்தக் கோடு உண்டா?" என்று கேட்டாள் அண்ணி.

ஓவியர் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அது... வரையும்போது தானா வர்றது."

"சரி."

"ஒரு விஷயம். கிடைச்சா பிரிக்காதீங்க. டேப்பைக்கூடத் தொட வேண்டாம். அப்படியே என் கையில கொடுத்துடுங்க."

மாடிப்படியில் இறங்கும்போது அண்ணி பாதியில் நின்றாள்.

"எழுபத்தொன்பது கட்டம் முடியற வரைக்கும் திருடன் காத்திருந்திருக்கான். ஏன்?"

"சீட்டுப் போட்டுச் சுவர் வரையறதை எட்டு மாசம் பார்த்தா எவனுக்கும் வெறுப்பு வரும் அண்ணி."

"வேலையைக் கெடுக்கணும்னா முகம் வரையறதுக்கு முன்னாடியே எடுத்திருக்கலாம். இந்தத் திருடனுக்கு ஓவியமும் முடியணும், போட்டோவும் சாகக் கூடாது. அப்படி நினைக்கிறவங்க இந்த வீட்டுல எத்தனை பேர்?"

"இருக்கிறதே ரெண்டு பேர். ஒருத்தர் நம்மைக் கூப்பிட்டவர்."

"அதான்."

ஓவியரின் மனைவி கீழே தன் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். மத்தியான ஷிப்டு. வந்தவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"தண்ணி கிடைக்குமா?" என்றாள் அண்ணி.

தண்ணீர் வந்தது. அண்ணி நிதானமாகக் குடித்தாள். இன்சூரன்ஸ் காலத்துப் பழக்கம் அது. எதிராளியை வேலை செய்யவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஓவியரின் மனைவி கோட்டை மடித்தாள். மேஜைமேல் கிடந்த மருந்துச் சீட்டை ஒரு காகித உறையில் போட்டு மூடி, மேலே பெயரும் தேதியும் எழுதினாள். சாப்பாட்டு டப்பாவை மூடினாள். மூடிமேல் ஒரு துண்டு டேப் ஒட்டி அதிலும் தேதி எழுதினாள்.

"சோத்துக்குமா அக்கா தேதி?" என்றான் கொழுந்தன்.

"தேதி போடாம எதையாவது மூடினா எங்க டிபார்ட்மென்ட்ல தோலை உரிச்சிடுவாங்க. பதினெட்டு வருஷமாச்சு. இப்ப நான் நினைக்கிறதே இல்லை. கை எழுதிடும்."

கூடத்து அலமாரியின் கடைசித் தட்டில் பெரிய பழுப்பு உறைகள் புத்தகம்போல் நிமிர்ந்து நின்றன.

"லைப்ரரி மாதிரி இருக்கே."

"குடும்பத்தோட எக்ஸ்ரே எல்லாம். அவர் அந்தப் பக்கமே வர மாட்டார். எலும்பைப் பார்த்தா அவருக்குத் தலை சுத்தும்."

அண்ணி கிளாசை வைத்துவிட்டு அலமாரியிடம் போனாள். உறைகளை ஒவ்வொன்றாகச் சாய்த்து மேலே எழுதியிருந்ததைப் படித்தாள். "மாமனார், இடுப்பு. மாமியார், முழங்கால். கணவர், விலா."

"ஸ்டூல்ல இருந்து விழுந்தார்," என்றாள் ஓவியரின் மனைவி.

"தம்பி, இடது கை." அந்த உறையை மட்டும் அண்ணி வெளியே இழுத்தாள். மற்றவை ஓரம் நைந்து நிறம் வெளுத்திருந்தன. இது புதுசாக விறைப்பாக இருந்தது. "கொழுந்தனாரே, இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"அப்போ பதினோரு வருஷம் முன்னாடி போனவருக்கு முந்தாநேத்து எக்ஸ்ரே எடுத்திருக்காங்க."

ஓவியரின் மனைவி உறைமேல் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமையின் தேதி, வட்டமாக, அழகாக எழுதியிருந்தது. அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"உறுப்போட பேரு யோசிச்சு எழுதினேன். யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதுன்னு," என்றாள். "தேதியை யோசிக்கவே இல்லை."

அண்ணி உறையிலிருந்து அட்டையை எடுத்தாள். சுற்றிலும் டேப். கண்ணாடித்தாளின் கட்டங்களுக்கு அடியில் இளைஞன், பம்பு, வாசல்.

"எட்டு மாசம் கெஞ்சினேன்," என்றாள் ஓவியரின் மனைவி. "காலில மட்டும்தான் விழலை. ஒரே ஒரு போட்டோங்க, காப்பியாவது எடுத்துக்கறேன்னு கேட்டேன். காப்பி இருந்தா அப்புறம் வெட்டறதுக்கு அர்த்தமே இல்லைன்னார். அவர் வேலையைக் கெடுக்க எனக்கு மனசு வரலை. அதனாலதான் கடைசி வரைக்கும் பொறுத்தேன். ஒரு கட்டம்தானே, சுவர்தானே, பார்க்காமலே பூசிடுவார்னு நினைச்சேன். ஒரு ஜாண் சுவருக்காகத் துப்பறியற ஆளைக் கூப்பிடுவார்னு யார் கண்டா?"

கொழுந்தனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"ஒரு நாளைக்கு எழுபது பேர் என் மிஷின் முன்னாடி நிக்கிறாங்க. ஒரு முகமும் மனசுல தங்கறதில்லை. அந்த மாதிரி இவன் முகமும் போயிட்டிருக்கு. மூக்கு எப்படி இருக்கும்னு போன மாசம் யோசிச்சேன். வரலை. இந்த அட்டையை நீங்க மேல கொண்டு போனா நாளைக்கு அவன் எண்பது துண்டு." நிறுத்தினாள். "உங்களுக்குப் புரியுதா தெரியலை."

"புரியுது," என்றாள் அண்ணி.

கொழுந்தன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சும்மா நிற்க முடியாமல் அண்ணியின் கையிலிருந்து அட்டையை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். பிறகு இன்னொரு பக்கம் சாய்த்தான். பிறகு, கூடாது என்று சொன்னதையே செய்தான். நகத்தால் டேப்பின் மூலையைக் கிளப்பினான்.

"அண்ணி, அந்த மனுஷன் உள்ளதை உள்ளபடிதான் வரைஞ்சிருக்கார்."

"என்ன சொல்றீங்க?"

"கோடு இதிலயும் இருக்கு. தானா வரலை. இதைப் பார்த்துத்தான் வந்திருக்கு." அவன் விரலால் காகிதத்தின் முகத்தைத் தடவினான். "இது போட்டோவே இல்லை. ஜெராக்ஸ். கலர் ஜெராக்ஸ், நல்ல காகிதத்துல எடுத்திருக்கார். மிஷினுக்குள்ள சுத்தற டிரம்ல ஒரு கீறல் விழுந்துட்டா எடுக்கிற ஒவ்வொரு பக்கத்திலயும் அதே இடத்துல இந்தக் கோடு விழும். பதினாலு வருஷத்துல இந்தக் கோட்டுக்காக நான் வாங்கின திட்டு கொஞ்சநஞ்சமா? 'என் வீட்டுப் பத்திரத்துல நடுவால கோடு போட்டுட்டியே, திருப்பி எடு'ன்னு சண்டைக்கு வருவாங்க. இவருக்கு அதுக்கு நாலு பக்கம் பாராட்டு."

அண்ணி புத்தகத்தில் பார்த்த கல்யாண ஜோடியை, முடிதிருத்தும் கடையை, முப்பது பிள்ளைகளை நினைத்துப் பார்த்தாள் என்பது அவள் புருவத்தில் தெரிந்தது. "எல்லாத்திலயும் அதே இடம். அப்போ எல்லாமே ஒரே மிஷின்."

"கட்டம் கட்டமா, அதுவும் தலைகீழா பார்த்தா கோடு எங்கே தெரியும்? கொஞ்சம் சாம்பல்னுதான் தெரியும். உத்தமமான மனுஷன், அதையும் விடாம வரைஞ்சுட்டார்."

ஓவியரின் மனைவி எழுந்து நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"இது காப்பின்னா, அசல் எங்கே?" என்றாள். "முன்னாடியே வெட்டிட்டாரா?"

அவள் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

கொழுந்தன் அவளைத் தாண்டி முதலில் அறைக்குள் போனான். நேராகத் துணி போர்த்திய மேஜைக்குப் போய், ஜாடிகள் மூன்றையும் ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கி வைத்தான். துணியை உருவினான். அடியில் இருந்தது மேஜை இல்லை. இடுப்புயர ஜெராக்ஸ் மிஷின்.

"சாய்ஞ்சப்பவே என் முழங்கைக்குச் சந்தேகம்," என்றான். "எனக்குத்தான் லேட்டாச்சு."

ஓவியர் மிஷினைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் கையில் டேப் பிரிந்த அட்டையைப் பார்த்தார்.

"பிரிக்காதீங்கன்னு சொன்னேனே," என்றார்.

"என் தம்பி எங்கே?"

வண்ணக் குழாய்கள் அடுக்கிய அலமாரியின் அடி இழுப்பறைக்குப் பூட்டு இருந்தது. சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. குனிந்து திறந்தார். உள்ளே எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய பொட்டலங்கள், பன்னிரண்டு. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்.

"எதையுமே வெட்டலையா?" என்றாள் அண்ணி.

"முதல் போட்டோ அந்தக் கல்யாண ஜோடி. யாருன்னே தெரியாது. வெட்டப் போறேன்னு பேட்டியில சொல்லிட்டேன். கத்தரியை எடுத்தேன். மாப்பிள்ளை என்னையே பார்த்துட்டிருந்தான். கை போகலை. பழைய மிஷின் ஒண்ணு வாங்கினேன். காப்பி எடுத்து அதை வெட்டினேன். அப்புறம் எல்லாத்துக்கும் அதுவே வழக்கமாயிடுச்சு. இப்பவும் இன்னொண்ணு எடுத்திருக்கலாம், ஆனா திருடினவன் அந்தக் காப்பியைப் பிரிச்சுப் பார்த்தா என் மானம் போயிடுமே."

"கோடு?"

"அந்த விமர்சகர் எழுதின பிறகுதான் நானே பார்த்தேன். அதுக்கப்புறம் மிஷினை ரிப்பேர் பண்ண முடியுமா?"

ஓவியரின் மனைவி கடைசிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் அவசரப்படவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றாள். "எட்டு மாசம் நான் அழுதேனே. ராத்திரி பக்கத்துலதானே படுத்திருந்தீங்க."

"சொன்னா நான் பொய்யன்னு உனக்குத் தெரிஞ்சிடும்."

"அதுக்குப் பதிலா கல்நெஞ்சன்னு நினைச்சாப் பரவாயில்லையா?"

ஓவியர் உண்மையாகவே யோசித்தார். "கல்நெஞ்சுக்கு இந்தத் தொழில்ல ஒரு மரியாதை உண்டு," என்றார்.

"சார்," என்றாள் அண்ணி, "போட்டோவைக் கண்டுபிடிக்கச் சொன்னீங்க. கண்டுபிடிச்சாச்சு. அது யார்கிட்ட இருக்கணும்னு நீங்க சொல்லலை. அதனால அது எங்க வேலை இல்லை."

ஓவியரின் மனைவி போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் பம்பை அழுத்தும் முயற்சியில் உதட்டைக் கடித்திருந்தான். மூக்கு லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவள் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு போட்டோவைக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். டேப் பிரிந்த அட்டையைக் கணவனிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. உங்க சுவர்."

அவர் வாங்கிக்கொண்டார். அந்த முகத்தில் நிம்மதி வர ஆரம்பித்ததைக் கொழுந்தன் கவனித்தான். "நாளைக்கு வருவே இல்ல?" என்றார் மெதுவாக.

"வரேன். ஆனா ஒண்ணு சொல்லுங்க. நான் அழுவேன்னுதானே முன் வரிசையில நாற்காலி போட்டிருக்காங்க? இனிமே எனக்கு அழுகை வராதே. என்ன பண்றது?"

அவர் தமக்குத் தெரிந்ததைச் செய்தார். அட்டையைத் தலைகீழாகப் பொருத்தி, ஓட்டை போட்ட கறுப்பு அட்டையை அதன்மேல் வைத்தார். தட்டில் சாம்பல் குழைத்தார். தூரிகையோடு துணியை நெருங்கினார்.

ஓவியரின் மனைவி சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "நேரா வைங்க."

"நேரா வெச்சா முகம் தெரியும்."

"தெரியட்டும். எட்டு மாசமா வரையறீங்க, அவனை ஒரு தடவை பார்த்தீங்களா? பார்த்துட்டு அந்தச் சுவரை வரைங்க. நாளைக்கு யாராவது அழணும் இல்ல? நீங்க அழுங்க."

கொழுந்தன் மறுபக்கம் பிடித்தான். இரண்டு பேருமாகத் துணியைத் தூக்கித் திருப்பி நிறுத்தினார்கள். எட்டு மாதத்துக்குப் பிறகு பையனின் கால் தரையில் பட்டது. இப்போது இடது ஓரம், காலடிக்குப் பக்கத்தில், வெள்ளைச் சதுரம்.

"எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு," என்று ஓவியரின் மனைவி இறங்கிப் போய்விட்டாள்.

அண்ணியும் வாசல் தாண்டினாள். கொழுந்தன் ஜாடிகளைத் திரும்ப மிஷின்மேல் ஏற்றி வைப்பதா, தரையிலேயே விடுவதா என்று ஒரு நிமிஷம் நின்றான். தரையிலேயே விட்டுவிட்டு இறங்கினான்.

ஓவியர் தூரிகையை உயர்த்தியபடி, பையனின் முகத்துக்கு எதிரே நின்றார். நுனியில் சாம்பல் திரண்டு நின்றது. சதுரம் அவருடைய முழங்கால் உயரத்தில் இருந்தது. அவர் இன்னும் குனியவில்லை.